அம்மாவின்ர முகம் ஒரு பக்கம் வழங்கேல்லை: ஸ்டெரொயிட் குடிக்கலாமோ, கரண்ட் பிடிக்கலாமோ?

கோண்டாவிலான்:

அம்மாவுக்கு வயது 58. சலரோகம் இருக்கு, மெட்போமின் குடிக்கிறா. பிரஷர் கட்டுப்பாட்டில. நேற்று விடிய வாய் கொப்பளிக்கேக்குள்ள தண்ணி வலப்பக்கக் கடைவாயால ஒழுகினது. மத்தியானத்துக்கிடையில வலப்பக்கம் முழுக்க விழுந்திட்டுது. கண் மூடேல்லை, சிரிச்சால் வாய் இடப்பக்கம் இழுக்குது. முதல்நாள் இரவு வலக் காதுக்குப் பின்னால நோ எண்டு சொன்னவ. கை, கால் எல்லாம் சரி.

ஆஸ்பத்திரியில பார்த்திட்டு, பாரிசவாதம் இல்லை, பெல்ஸ் பால்சி, முகத்து நரம்பு வீங்கி ஒரு பக்கம் வழங்காமல் போற வருத்தம் எண்டு சொன்னவை. ப்ரெட்னிசலோன் எண்ட ஸ்டெரொயிட், 5 மி.கி. குளிசை காலமையில பத்து, பத்து நாளைக்கு. கூட வயித்துப் புண் வராமல் ஒமெப்ரசோலும் கண்ணுக்கு விடுற மருந்தும். "ஒரே தரத்தில பத்துக் குளிசையோ?" எண்டு வீட்டில எல்லாருக்கும் பயம். சீனி ஏறும், குடிக்காதை எண்டு பெரியம்மா. முகத் தசைக்கு மெசினால கரண்ட் பிடிச்சுப் பலூன் ஊதினால் சரிவரும் எண்டு பக்கத்து வீட்டு ஆக்கள். கைதடிச் சித்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ எண்டு மாமா. இந்த இழுபறியில குளிசை இன்னும் தொடங்கேல்லை. இரவில கண் பாதி திறந்தபடி கிடக்கு, அதுவும் பயமாக் கிடக்கு. விஷயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வடமராட்சி_மருத்துவர்:

தம்பி, முதல்ல குளிசையைத் தொடங்குங்கோ, மிச்சத்தைப் பேந்து வாசிக்கலாம். காலமை எண்டு எழுதியிருக்கு எண்டதுக்காக நாளைக்கு விடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இண்டைக்குச் சாப்பிட்டிட்டு இப்பவே குடிக்கட்டும், நாளையிலிருந்து காலமைச் சாப்பாட்டோட.

அவசரம் ஏனெண்டால், முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பு காதுக்குப் பக்கத்து எலும்புக்குள்ள ஒரு ஒடுங்கின குழாயால வருது. நரம்பு வீங்கினால் எலும்பு விரியாது, நரம்புதான் நசியும். நசிஞ்சு கிடக்கிற நேரம் கூடக்கூட நாருகள் சாகும். வீக்கத்தை வத்த வைக்கிறதுதான் ப்ரெட்னிசலோன்ர வேலை. முகம் விழுந்து 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினால்தான் அதின்ர முழுப் பலனும் கிடைக்கும். நீங்கள் ஒரு நாளுக்கு மேல ஏற்கெனவே விட்டிட்டியள்.

பத்துக் குளிசை எண்டது 50 மி.கி., வழமையாக் குடுக்கிற அளவுகளில ஒண்டுதான் அது. 2007ல வெளிவந்த ஸ்கொட்லாந்து ஆய்விலயும் இதே அளவு, இதே பத்து நாள். 9 மாதத்தில முகம் முழுசாச் சரியான ஆக்கள் ப்ரெட்னிசலோன் எடுத்ததில 94 வீதம், எடுக்காததில 82 வீதம். வைரசுக்குக் குடுக்கிற அசைக்ளோவிர் தனியப் பிரயோசனம் இல்லை. முகம் துப்புரவா அசையாத ஆக்களுக்கு ஸ்டெரொயிட்டோட சேர்த்துக் குடுக்கிறதுண்டு.

சீனி ஏறும், பெரியம்மா சொல்லுறதில பிழையில்லை. ஆனால் அதுக்கு மருந்தை விடுறதில்லை, சீனியைப் பாக்கிறது. துண்டு எழுதின டொக்டருக்குச் சலரோகம் இருக்கெண்டு சொன்னதோ எண்டு முதல்ல உறுதிப்படுத்துங்கோ. கன பேர் ஏமாறுற இடம் ஒண்டு இருக்கு: காலமை குடிக்கிற ப்ரெட்னிசலோன் சீனியை ஏத்துறது மத்தியானத்திலிருந்து இரவு மட்டும். வெறு வயித்தில பாத்தால் நல்ல இலக்கமாத்தான் காட்டும். மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தாலயும் இராச் சாப்பாட்டுக்கு முன்னமும் குத்திப் பாருங்கோ. 200க்கு மேல ரெண்டு தரம் வந்தால் கிளினிக்கில சொல்லுங்கோ, சலரோக மருந்தைக் கூட்டித் தருவினம். நீங்களாக் கூட்டாதேங்கோ, ஸ்டெரொயிட் முடிஞ்சாப்பிறகு சீனி விழுந்திடும். 300 தாண்டினால், அல்லது தாகம், சத்தி, அடிக்கடி சலம் எண்டால் அண்டைக்கே காட்ட வேணும்.

காது நோவுக்குப் பரசிற்றமோல் போதும். டைக்ளோபினாக், இபுபுறூபன் ப்ரெட்னிசலோனோட வேண்டாம், குடலில புண் வரும். இரவில நித்திரை குறையும், சிடுசிடுப்பு வரும், ரெண்டும் மருந்தின்ர குணம். பத்து நாள் முடிய அப்பிடியே நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டலாம், குறைச்சுக் குறைச்சு எண்டு எழுதியிருந்தால் அப்பிடி.

பாரிசவாதம் இல்லை எண்டு எப்பிடித் தெரியும் எண்டதையும் வீட்டில சொல்லி வையுங்கோ. மேல பாக்கச் சொல்லி நெத்தியைச் சுருக்கச் சொல்லுங்கோ. முகத்தின்ர மேற்பாதிக்கு மூளையின்ர ரெண்டு பக்கத்தாலயும் நரம்புக் கட்டளை வருது. அதால மூளையில அடைப்பு எண்டால் வாய் கோணினாலும் நெத்தி சுருங்கும். நெத்தியும் வழுவழுவெண்டு கிடந்தால் பழுது வெளியில, நரம்பில. அம்மா ப, ம சொல்லேக்குள்ள காத்துப் போகும், அது சொண்டு மூடாததால. ஆனால் சொல் வராமல் தடுமாறினால், கை கால் பலம் குறைஞ்சால், நடை தள்ளாடினால், ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, இது வேற வருத்தம்.

காதுமடலையும் காதுத் துவாரத்தையும் டோர்ச் பிடிச்சுப் பாருங்கோ, வாயின்ர மேலண்ணத்தையும். கொப்புளம் இருந்தால், காது கேக்கிறது குறைஞ்சு தலை சுத்தினால், அது அக்கி வைரஸ். அதுக்கு வைரஸ் மருந்து கட்டாயம் வேணும். முதல் நாளில கொப்புளம் இராமல் ரெண்டு மூண்டு நாளால வாறதும் உண்டு, அதால நாளைக்கும் பாருங்கோ.

கண்_விடுதித்_தாதி:

குளிசையைப் பற்றி டொக்டர் சொல்லிட்டார். எனக்குக் கவலை கண். முகம் அனேகமாத் திரும்பி வரும். காய்ஞ்சு புண்ணான கருவிழி வெள்ளையாத் தழும்பு பிடிச்சால் அது திரும்பாது.

பகலில செயற்கைக் கண்ணீர்த் துளி ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு ஆறு தரத்துக்கு மேல விடவேண்டி வந்தால் பாமசியில பாதுகாப்பு ரசாயனம் இல்லாததா எண்டு கேட்டு வாங்குங்கோ, மற்றது கண்ணை எரிக்கும். சாதாரணப் போத்தலைத் திறந்து ஒரு மாதத்தில எறியிறது. திறந்த திகதியைப் போத்தலிலயே எழுதுங்கோ. கண்ணில இருந்து தண்ணி ஓடுது, பிறகேன் துளி எண்டு அம்மா கேப்பா. கீழ் இமை தொங்கினதால கண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வெளியில வழியுது. கருவிழி காய்ஞ்சபடிதான்.

இரவுக்குக் களிம்பு. கீழ் இமையை இழுத்து உள்ளுக்குள்ள ஒரு அரிசி நீளத்துக்கு வையுங்கோ. துளியும் விடுறதெண்டால் துளி முதல், பத்து நிமிசம் கழிச்சுக் களிம்பு. களிம்பு வைச்சால் பார்வை மங்கும், அதால படுக்கைக்குப் போனாப்பிறகு.

பிறகு ஒட்டுறது. இதிலதான் கூடப் பிழை விடுறவை. இமையின்ர தோலில களிம்பு பட்டிருந்தால் துடைச்சுக் காயவிடுங்கோ, இல்லாட்டி ஒட்டாது. அம்மாவைக் கீழ பாக்கச் சொல்லி, மேல் இமையை விரலால மெதுவாக் கீழ இழுத்து மூடி, கடுதாசிப் பிளாஸ்டரை மேல் இமையில பிடிச்சுச் சொக்குப் பக்கம் சரிவா ஒட்டுங்கோ. ஒட்டினாப்பிறகு லைற்றைப் போட்டுக் கிட்டப் பாருங்கோ, வெள்ளை முழி ஒரு நூல் தெரிஞ்சாலும் கழட்டித் திரும்ப ஒட்டுங்கோ. திறந்த கண்ணுக்கு மேல பஞ்சோ கோசோ வைச்சுக் கட்டவே கூடாது, பஞ்சு கருவிழியில உரசி உரசிப் புண்ணாக்கும். விடிய இழுத்துப் பிய்க்காமல் ஈரத்துணியால நனைச்சு எடுங்கோ.

பகலில ரெண்டு மூண்டு தரம் புருவத்தை ஒரு விரலால மேல பிடிச்சுக்கொண்டு, மேல் இமையை மெல்லக் கீழ இழுத்து விடுங்கோ. கண்ணைத் திறக்கிற தசை வேற நரம்பில நல்லா வேலை செய்யுது. எதிர்த்து மூடுற தசை இல்லாததால அது விறைச்சுச் சுருங்கிடும். ஃபேனை முகத்துக்கு நேர விடாதேங்கோ. வெளியில போனால் பக்கமும் மறைக்கிற கண்ணாடி, மோட்டார்சைக்கிளில பின்னால இருந்தாலும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி. சோளகக் காத்துப் புழுதி இந்தக் கண்ணுக்குச் சரியான எதிரி.

நந்தியாவட்டைச் சாறு, முலைப்பால், விளக்கெண்ணெய் ஒண்டும் கண்ணுக்குள்ள வேண்டாம். கண் சிவந்தால், நொந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினபடி நிண்டால் அண்டைக்கே கண் கிளினிக். சலரோகக்காரருக்குக் கருவிழியில உணர்ச்சி குறைஞ்சு நோவே தெரியாமலும் புண் வரும். அதால நாளுக்கு ஒருக்கா டோர்ச்சால கருவிழியில வெள்ளைப் பொட்டு இருக்கோ எண்டு நீங்களே பாருங்கோ.

தெல்லிப்பழை_நேசன்:

எங்கட பக்கத்தில கரண்ட் பிடிச்சுத்தான் எல்லாருக்கும் சரிவந்தது. பலூன், சுவிங்கம் எல்லாம் நல்ல எக்சசைஸ். சும்மா வைச்சிருந்தால் தசை செத்துப்போகும்.

இயன்மருத்துவர்_யாழ்:

நேசன் அண்ணை, ஒண்டும் செய்யாமல் விட்டாலும் நூறு பேரில ஏறக்குறைய எழுபது பேருக்கு இது முழுசாச் சரிவரும். அதால கடைசியா என்ன செய்தவையோ அதுக்குத்தான் பேர் போகும், கரண்டுக்கும் அப்பிடித்தான் போனது. தசையும் அவ்வளவு கெதியாச் சாகாது. மாதக் கணக்கில நரம்பு வராமல் இருந்தாலும் காத்துக்கொண்டிருக்கும்.

பலூன் ஏன் கூடாது எண்டால், ஊதேக்குள்ள வழங்காத சொக்கு பை மாதிரி வீங்கும், நல்ல பக்கம் இன்னும் இழுக்கும். வழங்காத பக்கம் ஒண்டும் பழகாது. சுவிங்கத்தைச் சப்புறது ஐந்தாவது நரம்பின்ர தசை. அது பழுதாகவே இல்லை.

பெரிய வில்லங்கம் பேந்து வாறது. செத்த நாரு திரும்ப முளைக்கேக்குள்ள நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். அதால கூடப் பழுதான ஆக்களுக்கு அசைவு வர மூண்டு நாலு மாதமாகும். முளைக்கிற நாருகள் வழி மாறிப் போகும். கண்ணுக்குப் போகவேண்டியது வாய்க்கும், வாய்க்குரியது கண்ணுக்கும் போனால், சாப்பிடேக்குள்ள கண் சுருங்கும், கண் வெட்டேக்குள்ள வாய் துடிக்கும். உமிழ்நீருக்குரியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனால் சோறு சாப்பிடக் கண்ணீர் வரும். அந்த நேரத்தில முழுப் பலத்தோட கண்ணை இறுக்கு, பல்லைக் காட்டு எண்டு பயிற்சி குடுத்தால் இந்தக் கூட்டு இழுவை பழக்கமாகிப்போகும். கரண்டும் எல்லாத் தசையையும் ஒண்டாத்தான் இழுக்கும்.

அப்ப என்ன செய்யிறது? அசைவே இல்லாத கிழமைகளில முகத்துக்கு ஓய்வு. ரெண்டு பக்கச் சொக்கையும் விரல் நுனியால, நாடியிலிருந்து காதுப் பக்கம் மேல்நோக்கி அஞ்சு நிமிசம் மெதுவாத் தடவுங்கோ. கதைக்கேக்குள்ள, சிரிக்கேக்குள்ள வழங்காத பக்கத்தை உள்ளங்கையால கொஞ்சம் மேல தாங்கினால் நல்ல பக்கம் இழுத்துக்கொண்டு போகாது. அசைவு துளிர்க்கத் தொடங்கினாப்பிறகு கண்ணாடிக்கு முன்னால: சிரிப்பைக் கால்வாசிக்கு, மெள்ள, ரெண்டு பக்கமும் ஒரே அளவில. நல்ல பக்கம் முந்தினால் அதைக் குறைக்க வேணும், மற்றதைக் கூட்டுறதில்லை. நாலஞ்சு தரம், நாளுக்கு ரெண்டு மூண்டு வேளை. களைச்சால் நிப்பாட்டுங்கோ. கண் கூடச் சுருங்குதெண்டு கண்டால் அசைவை இன்னும் சின்னதாக்குங்கோ. அப்பவும் நிண்டால், போட்டொக்ஸ் ஊசி குடுத்து அந்தத் தசையைத் தளர்த்திப் போட்டுப் பழக்கிறதும் இருக்கு.

சாப்பாடு: சொக்குத் தசை வேலை செய்யாததால சாப்பாடு பல்லுக்கும் சொக்குக்கும் இடையில தங்கும். புட்டுத்தான் சரியான கரைச்சல், உதிரி உதிரியாப் போய் ஒதுங்கும். சொதி விட்டுக் குழைச்ச இடியப்பம், மசிச்ச சோறு, கட்டியான கூழ் நல்லம். நல்ல பக்கத்தால சின்ன வாயா. தேத்தண்ணியை நல்ல பக்கக் கடைவாயால, சொண்டை விரலால பிடிச்சுக்கொண்டு குடிக்கலாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு விரலால சொக்கின்ர உள்பக்கத்தைத் துடைச்சுக் கொப்பளிக்க வேணும். சலரோகத்தோட ஸ்டெரொயிட்டும் எண்டால் வாய்ப்புண், வெள்ளை படியிறது கெதியா வரும்.

சித்தவழி:

மாமா சொன்னதுக்கு: முகவாதத்துக்குச் சித்தத்தில எண்ணெய் தடவலும் ஒற்றடமும் உண்டு. ப்ரெட்னிசலோனை நிப்பாட்டிப்போட்டுச் செய்யாதேங்கோ, பத்து நாள் முடியட்டும். கைதடிக்குப் போனால் அந்தத் துண்டையும் காட்டுங்கோ. அதிமதுரம் சேர்ந்த சூரணம், கசாயம் இப்ப வேண்டவே வேண்டாம். ப்ரெட்னிசலோனோட சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரை ஏத்தும். எண்ணெய் தடவினால் கண்ணைச் சுத்தி ரெண்டு விரல் அகலம் விட்டு.

கோண்டாவிலான்:

எல்லாருக்கும் நன்றி. பகலே குளிசை குடுத்திட்டன். நெத்தி சுருங்கேல்லை, காதில கொப்புளம் இல்லை. எப்ப திரும்பக் காட்ட வேணும்? அம்மா நல்லூர்க் கொடியேத்தத்தில இருந்து விரதம், தினமும் கோயில். விடச் சொன்னால் கேக்க மாட்டா.

வடமராட்சி_மருத்துவர்:

குளிசை முடியேக்குள்ள ஒருக்கா, மூண்டு கிழமையில ஒருக்கா. மூண்டு கிழமையில ஒரு சின்ன அசைவெண்டாலும் தெரிஞ்சால் நல்ல சகுனம். மூண்டு மாதமாகியும் சரிவராட்டி, அல்லது கிழமைக் கணக்கில கூடிக்கொண்டு போனால், காதுக்குக் கீழ கட்டி தெரிஞ்சால், ஸ்கான் எடுத்து வேற காரணம் தேட வேணும்.

விரதம் இந்தப் பத்து நாளும் வேண்டாம். வெறு வயித்தில பத்துக் குளிசையும் சரியில்லை, சலரோகத்துக்குப் பட்டினியும் சரியில்லை.

கண்_விடுதித்_தாதி:

கோயிலுக்குப் போகட்டும், கண்ணாடியோட, துளிப் போத்தலைக் கைப்பையில வைச்சுக்கொண்டு. வீதியில புழுதி கிளம்பினால் அந்தக் கண்ணை விரலால மூடிப் பிடிக்கச் சொல்லுங்கோ. திருநீறை நெத்தியில அள்ளிப் பூச வேண்டாம், இமை வெட்டாத கண்ணுக்குள்ள கொட்டும். நனைச்சுக் குழைச்சுப் பூசினால் உதிராது. விழுந்திட்டால் தேய்க்காமல், துளி மருந்தாலயே கழுவிவிடுங்கோ.