அகத்தி மரத்தில் துளை, காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. எங்கள் வளவு நிலாவெளியில், மணல் தரை. கிணற்றடியில் அம்மம்மா விதை போட்டு வளர்த்த வெள்ளைப்பூ அகத்தி இரண்டு நிற்கின்றன. அகத்திக்கு ஆயுள் குறைவு என்று தெரியும், ஆனால் இவற்றுக்கு 3 வயதுதான்.

போன மாரியில் அடியில் ஒரு கிழமை தண்ணீர் நின்றது. அகத்தி தாங்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒன்றின் தண்டில், முழங்கால் உயரத்தில், பென்சில் நுழையும் அளவு துளை. வாயில் ஈரமான மரத்தூள், பக்கத்தில் சிவப்பாகப் பிசின். மேல் கொப்பில் இலை பழுத்துக் கொட்டுகிறது.

வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்தேன், தூள் திரும்பவும் வருகிறது. கடை மருந்து அடிக்க மனமில்லை. ஏகாதசி விரதமிருந்து துவாதசிப் பாரணைக்கு அம்மம்மா இந்த இலையைத்தான் சுண்டுவார். மிச்சக் குழை ஆட்டுக்கு.

கம்பி விட்டுப் புழுவை எடுக்கலாமா? துளைக்குக் கீழே தறித்தால் துளிர்க்குமா? மற்ற மரம் இன்னும் நல்லாக இருக்கிறது, அதையாவது காப்பாற்ற வேண்டும். பிறகு, மூதூர், தம்பலகாமம் பக்கம் யாரிடமாவது சிவப்புப்பூ அகத்தி விதை இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.