செவ்வாய்க்கிழமை வந்த மின்னஞ்சலும் வெள்ளிக்கிழமை வந்த அறிவிப்பும்

பகிர்ந்தவர்: முன்னாள் ரெக்ரூட்டர், சென்னை

பெருங்குடியில் இயங்கிய ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் 2021 முதல் 2023 வரை பணியாற்றினேன். ஆட்களைத் தேடுவது, தொலைபேசியில் பேசித் தகுதி பார்ப்பது, நேர்காணலுக்கு அனுப்புவது, பணியில் சேரும் நாள்வரை தொடர்பில் இருப்பது ஆகிய அனைத்தையும் பெரிய நிறுவனங்கள் எங்களிடம் ஒப்படைத்திருந்தன. அது ஐ.டி. துறையில் யாரும் ஓரிடத்தில் நிலைத்து நிற்காத காலம். இன்ஃபோசிஸ் நிறுவனமே 2022 ஜூன் காலாண்டில் தன் பணிவிலகல் விகிதம் 28.4 சதவீதம் என்று அறிவித்திருந்தது. மூன்று ஆஃபர் லெட்டர்களைக் கையில் வைத்திருப்பவர், பழைய வேலையை விடுவதற்கான 90 நாள் நோட்டீஸ் பீரியட் முடியும் வாரத்தில் வேறிடம் போய்விடுவது வாடிக்கையாக இருந்தது. வேலை கடினம்தான். ஆனால் எங்கள் மனம் விட்டுப்போனதற்கு அது காரணமன்று.

2022ஆம் ஆண்டின் இறுதியில் எங்களிடம் ஆள் கேட்டிருந்த ஒரு க்ளையன்ட் நிறுவனம், ஜாவா என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கான தன் பணியிடங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. எங்கள் மேலாளர் அதை வெள்ளிக்கிழமை மாலை எங்களுக்குத் தெரிவித்தார். அவர் அனுப்பிய மின்னஞ்சலைக் கீழே இறக்கிப் பார்த்தபோது, க்ளையன்ட் எழுதிய மூலக் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்திருந்தது. வாராந்திர அறிக்கையில் ப்ரொஃபைல் (நாங்கள் தேடித் தரும் ஆட்களின் விவரக்குறிப்பு) எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, இல்லாத வேலைக்கு மூன்று நாட்கள் எங்களை ஆள் தேட வைத்திருக்கிறார். அந்த மூன்று நாட்களில் நான் பேசியவர்களுள் ஒருவர் மதுரைக்காரர். "வேலை நிச்சயமா இருக்குதானே மேடம்?" என்று அவர் இருமுறை கேட்டார், நான் இருமுறையும் இருக்கிறது என்றேன். நேர்காணலுக்காக அவர் விடுப்பு எடுத்துக் காத்திருந்தார். உண்மையைச் சொல்ல நான் அழைத்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் குழுவில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் இருந்தார். தான் பேசும் ஒவ்வொருவரைப் பற்றியும் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதி வைப்பார்: யாருடைய தந்தைக்கு அறுவை சிகிச்சை, யாருடைய மனைவிக்குப் பெங்களூருக்குக் குடிபெயர விருப்பமில்லை, யாருக்கு இன்னோர் ஆஃபர் கையில் இருக்கிறது. ஒருவர் உண்மையில் சேருவாரா என்பதை எக்செல் தாளைவிட அந்த நோட்டுதான் சரியாகச் சொல்லும். ஒருமுறை, குறிப்பிட்ட ஒருவர் சேர மாட்டார் என்று பத்து நாட்களுக்கு முன்பே அவர் எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். அந்த நபர் சேராமல் போன அன்று, மாலை ஆறு மணிக் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயரைச் சிவப்பு நிறத்தில் திரையில் காட்டி, "உனக்குப் பேசவே தெரியவில்லை" என்று மேலாளர் அனைவர் முன்னிலையிலும் சொன்னார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் நோட்டைத் திறக்கவில்லை. எக்செல் தாளில் எல்லோருடைய பெயருக்கு எதிரேயும் "சேருவார்" என்று நிரப்பத் தொடங்கினார். சில வாரங்களில் நாங்கள் அனைவரும் அதையே செய்தோம். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனையும் சொல்லாதவருக்கு நிம்மதியும் கிடைக்கும் இடத்தில் வேறென்ன நடக்கும்? அந்தத் தாளை நம்பித்தான் மேலாளர் க்ளையன்டிடம் எண்ணிக்கை கொடுத்தார். அது பொய்த்த ஒவ்வொரு மாதமும் கூட்டம் இன்னும் நீண்டது.

மறுமொழி: கோயம்புத்தூர்

நான் அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் இரவுப் பணியில் இருந்தேன். மாலை 6.30க்குத் தொடங்கி அதிகாலை 3.30க்கு முடியும். சேர்ந்தவர் 90 நாட்கள் நீடித்தால்தான் எங்களுக்கு ஊக்கத்தொகை என்பது விதி. அதை ஏற்றுக்கொண்டே உழைத்தோம். எண்பதாவது நாளில் அந்த விதியை 180 நாட்களாக மாற்றிவிட்டு, ஒரு வரியில் தகவல் அனுப்பினார்கள். பணத்தைவிட, எங்களை அழைத்துச் சொல்லக்கூட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என்னை வருத்தியது.

மறுமொழி: முன்னாள் குழுத்தலைவர், சென்னை

அந்த ஆறு மணிக் கூட்டத்தை நடத்தியவர்களில் நானும் ஒருவன்; வேறு நிறுவனம், அதே திரை, அதே சிவப்பு. மேலிருந்து எனக்கு வந்த வசவை அப்படியே கீழே இறக்கினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பின்னர் வேறோர் அலுவலகத்தில் ஓர் அம்மையாரின் கீழ் வேலை பார்த்தேன். இரண்டு வாரமாக ஒரு பணியிடம் நிரம்பவில்லை என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் என் ரெக்ரூட்டர்களை உட்காரவைத்து, யார் யார் எந்தக் காரணத்தால் மறுத்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் க்ளையன்டை அழைத்து, "இந்தச் சம்பளத்துக்கு நீங்கள் கேட்கும் அனுபவம் கிடைக்காது, என் பிள்ளைகள் பேசிய 31 பேரும் இதையேதான் சொன்னார்கள்" என்றார். அன்று மாலை எல்லோரும் தாமாகவே கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்து வேலை பார்த்தார்கள்.