புதுப்பிப்பு: .308-க்கு 100 மீட்டர் ஜீரோவா, 200-ஆ?

மில் (கோண அளவு, 100 மீட்டரில் 10 செ.மீ.) கணக்கில் திருத்தும் ஸ்கோப் பூட்டிய .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு எந்தத் தூரத்தில் ஜீரோ வைப்பது, அதாவது குறியும் குண்டு படும் இடமும் எந்தத் தூரத்தில் ஒன்றாக வேண்டும் என்பதுதான் முன்பு கேட்ட கேள்வி. முடிவு: 100 மீட்டர்.

200-இல் வைத்தால் 175 கிரெய்ன் (சுமார் 11.3 கிராம்) தோட்டா 100 மீட்டரில் ஏறக்குறைய 6 செ.மீ. மேலே அடிக்கும். அங்கே சரிசெய்ய டரட்டை (ஸ்கோப்பின் உயரத் திருகை) ஜீரோவுக்குக் கீழே திருப்ப வேண்டும். டரட் கீழே போகாமல் நிறுத்தும் ஜீரோ-ஸ்டாப் அதைத் தடுக்கும். அதோடு 200-இல் காற்றும் கானலும் குழுவை (இலக்கில் குண்டுகள் விழும் கொத்தை) கலைக்கும், எது ஸ்கோப் பிழை, எது காற்று என்று பிரிக்க முடியாது. 100-இல் தோட்டா பார்வைக்கோட்டை ஒட்டியே போகும். தூரம் இரண்டு மூன்று மீட்டர் பிசகினாலும் பாதகமில்லை, டரட்டின் 0.1 மில் கிளிக் ஒன்றுக்குச் சரியாக 1 செ.மீ. கணக்கும் எளிது.

பத்து குண்டுகளின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். மூன்று குண்டுக் குழு ஏமாற்றும்! பிறகு டரட் மூடியைத் தளர்த்தி 0-வுக்குக் கொண்டுவந்து, ஜீரோ-ஸ்டாப்பை அதற்குச் சில கிளிக் கீழே பூட்டுங்கள். தோட்டா மாற்றினால் அந்த இடைவெளி உதவும்.

1000 மீட்டருக்கு இந்தத் தோட்டா சுமார் 13 மில் ஏற்றம் கேட்கும். 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் 60-இல் ஒரு பங்கு) சரிவுள்ள ரெயில், அதாவது ஸ்கோப் பூட்டும் தளம், கூடுதலாக 5.8 மில் ஏற்றம் தரும். 50 மீட்டர் ஜீரோவை சிறிய .22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கு விட்டுவிடலாம்.