ஆவி அழுத்தக் கணக்கில் நீங்கள் பார்த்தது என்ன?

மாலையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். ஆவி அழுத்தம் (மூடிய கலனில் திரவமும் அதன் ஆவியும் சமநிலையில் இருக்கும்போது அந்த ஆவி தரும் அழுத்தம்) என்றால் நான் முதலில் போர்டில் போடும் கணக்கு இது: காற்றே இல்லாத 10 லிட்டர் மூடிய கலனில் 2 கிராம் தண்ணீர், 25 டிகிரி செல்சியஸ். உள்ளே அழுத்தம் எவ்வளவு?

பெரும்பாலும் எல்லாருமே வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை, அளவு ஆகியவற்றை இணைக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டுக்குத்தான் (PV = nRT) பாய்வார்கள். இந்த முறையும் அப்படித்தான். ஒரு மாணவி மளமளவென்று போட்டு முடித்தாள். "207 மில்லிமீட்டர் பாதரசம் சார்."

"சரிம்மா, 25 டிகிரியில தண்ணியோட ஆவி அழுத்தம் எவ்வளவுன்னு அட்டவணையில பாரு."

"23.8."

"தண்ணி ஆவி அதுக்கு மேல எப்படி அழுத்தும்?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ தண்ணி முழுசா ஆவியாகலையா சார்?"

அதேதான். 23.8-ஐ அதே சமன்பாட்டில் போட்டுப் பின்னோக்கிப் போனால் ஆவியானது வெறும் 0.23 கிராம். மிச்சம் 1.77 கிராம் திரவமாகவே கிடக்கிறது. அதன்பிறகு அவளே கேட்டாள், "கலனை 20 லிட்டர் ஆக்கினா?" அழுத்தம் அதே 23.8, ஆவி மட்டும் 0.46 கிராம். ஏறக்குறைய 87 லிட்டர் வரை இப்படியே போகும்; அதற்கு மேல் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது, அப்போதுதான் அழுத்தம் இறங்கத் தொடங்கும். 100 லிட்டரில் 20.7. கணக்கைத் தொடுமுன் திரவம் மிச்சமிருக்கிறதா என்று கேட்கும் பிள்ளை இந்தப் பாடத்தில் தடுமாறுவதில்லை என்பது என் அனுபவம்.

உங்கள் வகுப்பில் எப்படி?

கல்லூரி ஆய்வகத்திலிருந்து:

எங்களுக்கு இது வாயு சேகரிப்பில் வரும். மெக்னீசியத்தை அமிலத்தில் போட்டு, வரும் ஹைட்ரஜனைத் தண்ணீருக்கு மேல் பிடிப்போம். குழாய்க்குள் ஹைட்ரஜன் மட்டும் இல்லை, நீராவியும் இருக்கிறது. கலந்த வாயுக்களின் மொத்த அழுத்தம் அவற்றின் தனித்தனி அழுத்தங்களின் கூட்டுத்தொகை என்பது டால்டன் விதி; அதன்படி நீராவியின் அழுத்தத்தை மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். முதலாமாண்டுப் பையன்களுக்கு அது தெரியும். ஆனால் எந்த எண்ணைக் கழிப்பது? பாடப்புத்தக உதாரணம் 25 டிகிரி என்பதால் 23.8-ஐ அப்படியே எடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் மதியம் 30 டிகிரி இருக்கும், அப்போது 31.8. "தம்பி, முதல்ல தெர்மாமீட்டரைப் பாருப்பா" என்பதுதான் நான் அதிகம் சொல்லும் வாக்கியம். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்காது.

நீட் தேர்வுக்குப் படிக்கும் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா:

ரௌல்ட் விதியில் (ஆவியாகாத பொருளைக் கரைத்தால், மொத்தத் துகள்களில் அதன் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் ஆவி அழுத்தம் குறையும்) அவள் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. 178.2 கிராம் தண்ணீரில் 18 கிராம் குளுக்கோஸ், 100 டிகிரி. மோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) கணக்கில் தண்ணீர் 9.9 மோல், குளுக்கோஸ் 0.1 மோல்; மொத்தம் 10-க்கு 0.1 என்பதால் ஆவி அழுத்தம் 760-இலிருந்து 7.6 குறைந்து 752.4. "அக்கா, குளுக்கோஸுக்குப் பதிலா 0.1 மோல் சாப்பாட்டு உப்பு போட்டா?" உப்பு தண்ணீரில் இரண்டு அயனிகளாகப் பிரியும், அதனால் துகள் 0.2 மோல் என்றேன். மொத்தம் 10.1-க்கு 0.2 என்று அவளே போட்டு, குறைவு ஏறக்குறைய 15 என்று கொண்டுவந்தாள்.