இம்பிளான்ட் வைத்து ஒன்பது நாள், குறைந்த வலி மறுபடி ஏறுகிறது: பொறுக்கலாமா?

கேள்வி
நான்கு மாதத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். மூன்றாம் நாள் காது வரை இழுக்கும் வலி, வாயெல்லாம் நாற்றம். ட்ரை சாக்கெட் (பல் பிடுங்கிய குழியில் ரத்தக்கட்டி நிற்காமல் எலும்பு வெளியே தெரிவது) என்று குழியைக் கழுவி மருந்து வைத்து அடைத்த பிறகுதான் தூங்கவே முடிந்தது. அது ஆறி, இப்போது அதே இடத்தில் இம்பிளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு. முதல் ஐந்து நாள் வலி நன்றாகக் குறைந்தது, முந்தாநாள் முதல் திரும்ப விண்விண் என்று தெறிக்கிறது, ஒரு தையல் விட்டுப்போய் ஈறுக்கு நடுவே உலோகம் தெரிகிறது. கிளினிக்கில் போனில் கேட்டால் "ஆறிவிடும், பொறுங்கள்" என்கிறார்கள். அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு இன்னும் பத்து நாள். சிகரெட் உண்டு, குறைத்திருக்கிறேன்.

பதில் 1
உலோகம் தெரிகிறது என்றதும் பயப்படாதீர்கள். சிலருக்கு ஈறுக்கு வெளியே தெரியும்படியே ஹீலிங் கேப் (ஈறு ஆறும்வரை இம்பிளான்டின் மேல் முறுக்கி வைக்கும் சிறு உலோக மூடி) போடுவார்கள், சிலருக்கு இம்பிளான்டை மூடி ஈறைத் தைத்துவிடுவார்கள். உங்களுக்கு எது என்று கேளுங்கள். எனக்கு அந்த கேப் ஆடியது, இம்பிளான்டே கழன்றுவிட்டது என்று ராத்திரி முழுக்க அழாத குறை. காலையில் போனால் ஐந்து நிமிடத்தில் முறுக்கிவிட்டு அனுப்பிவிட்டார்.

பதில் 2
பல் மருத்துவர்தான், ஆனால் உங்கள் வாயைப் பார்க்காமல் இது இதுதான் என்று சொல்ல மாட்டேன். வலியின் அளவைவிட அது போகும் திசைதான் முக்கியம். வீக்கம் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்க வேண்டும். இறங்கியது ஏறினால் கிருமித்தொற்று இருக்கலாம், ஈறுக்கடியில் உணவு சிக்கியிருக்கலாம், கேப் தளர்ந்திருக்கலாம். எதுவானாலும் போனில் தீராது, நாளைக்கே நேரில் போய்க் காட்டுங்கள். கீழுதடோ தாடையோ மரத்துப்போயிருந்தால் நரம்பில் அழுத்தம் இருக்கலாம், அதற்கு இன்றே போக வேண்டும். காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், தாடைக்கடியில் வீக்கம் என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாக எடுத்து விழுங்காதீர்கள்.

எலும்பு இம்பிளான்டைப் பிடிக்கச் சில மாதம் ஆகும். வைத்தபோது இருந்த இறுக்கம் முதல் சில வாரங்களில் கொஞ்சம் குறைந்து, புது எலும்பு வளர வளரத்தான் திரும்ப ஏறும். அதனால் அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். சர்க்கரை இருந்தாலோ எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி எடுத்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். சிகரெட்டைக் குறைத்தால் போதாது, நிறுத்த வேண்டும்.

பதில் 3
நாக்கால் தடவித் தடவிப் பார்க்காதீர்கள், என் தையல் விட்டதே அதனால்தான். கண்ணாடியில் பார்ப்பதும் நாளுக்கு ஒருமுறை போதும்!

கேட்டவர்
போய்விட்டு வந்தேன். கேப் தளர்ந்து அதனடியில் சாப்பாடு சிக்கி ஈறு புண்ணாகியிருக்கிறது. கழுவி, முறுக்கி, எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு சரியாக இருக்கிறதாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கச் சொன்னார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி வரணுமாம். உதடு மரக்கவில்லை. சிகரெட் பற்றி அங்கேயும் திட்டு விழுந்தது.