கொசப்பேட்டை வீடு: போகிக்கு முந்தைய நான்கு நாட்கள்

சனிக்கிழமை

[7:12] அக்கா: எல்லோருக்கும் வணக்கம். போகிக்குக் கொளுத்த எடுத்து வைத்திருக்கும் பழசு எதையும் கொளுத்த வேண்டாம். நாளை மாலைக்குள் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரட்டும். மடையான் ஒன்று செய்யப் போகிறேன். நான்கடி உயரம்.

[7:15] குடியாத்தம் அத்தை: மடையானா? காலங்காத்தாலே யாரைத் திட்டுகிறாய்?

[7:16] அக்கா: கொக்கு அத்தை. குருட்டுக் கொக்கு என்பார்களே, அது. உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. எழும்பினால்தான் இறக்கை வெள்ளை வெளேர் என்று இருக்கும். அதைத்தான் செய்து பார்க்க வேண்டும்.

[7:21] ஆம்பூர் அண்ணன்: கழிஞ்சூர் ஏரியில் தூண்டில் போடப் போவோமே, நமக்கு முன்னாடியே வந்து நிற்கும். நாம் போன பிறகும் நிற்கும். என் பையனிடம் கேட்டேன், பார்த்ததே இல்லை என்கிறான்.

[7:22] அக்கா: அவனுக்காகத்தான் அண்ணா.

[7:30] கம்மவான்பேட்டை மாமா: கொளுத்தாமல் என்னம்மா போகி?

[7:34] சத்துவாச்சாரி சித்தி: ஒரு பழைய பாயும் துடைப்பமும் எரித்தால் யார் கேட்கப் போகிறார்கள். எங்கள் தெருமுனையில் பையன்கள் இப்போதே டயர் அடுக்குகிறார்கள். போன வருடம் இரண்டு நாள் இன்ஹேலரோடு கிடந்தேன்.

[7:40] நான்: 2018 போகிக்குச் சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானமே இறங்க முடியவில்லை சித்தி. அன்றைக்கு அங்கே மாட்டிக்கொண்டவர்களில் எங்கள் ஹாஸ்டல் வார்டனும் ஒருவர். இன்னும் அந்தக் கதையை விடவில்லை.

[7:52] ஆம்பூர் அண்ணன்: பாப்பா, ஷூ மேல்தோல் வெட்டிய துண்டு வேண்டுமா? பழுப்பு, காப்பி நிறம், செங்கல் நிறம் எல்லாம் இருக்கிறது. விரல் அகலத்தில் வரும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் இறகு மாதிரியே இருக்கும்.

[7:53] அக்கா: அண்ணா!!! மூட்டையோடு கொண்டு வாருங்கள்.

[7:58] ஆம்பூர் அண்ணன்: ஒரு விஷயம். மீந்ததைத் தெருப் பையன்களிடம் கொடுத்துவிடாதே, கொளுத்திவிடுவார்கள். இது குரோம் போட்டுப் பதனிட்ட தோல். தோலில் இருக்கும்வரை பெரிய கேடில்லாத குரோமியம், எரித்தால் ஆறாம் நிலை குரோமியமாக மாறலாம். அது விஷம். தாத்தா காலத்து ஆவாரம்பட்டைத் தோல் என்றால் பேச்சு வேறு.

[8:05] நான்: அந்த குரோமியம்தான் என் பாடப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதற்குத் தொடுத்தது. கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். வகுப்பில் ஊர் எது என்று கேட்டார்கள். வேலூர் என்றேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

[8:07] கம்மவான்பேட்டை மாமா: ஆறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லையா?

[8:07] நான்: கேட்டார்கள். அதே வழக்கு விஷயமாக 2025 ஜனவரியிலும் ஒரு தீர்ப்பு வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

[8:20] அக்கா: அப்புறம் முக்கியமானது. பால் கவர். கழுவிக் காயவைத்து, எண்ணிக் கொண்டு வாருங்கள். எண்ணிக்கை எனக்கு வேண்டும்.

[8:26] குடியாத்தம் அத்தை: ஒரு நாளைக்கு நான்கு. பத்து நாளாகக் கட்டி வைத்திருக்கிறேன், பழைய பேப்பர்காரர் வரவில்லை. 40. பிளாஸ்டிக்கைத் தடை செய்துவிட்டார்கள் என்றார்களே, இது மட்டும் எப்படி வருகிறது?

[8:28] நான்: 2019 ஜனவரி 1 முதல் தடை அத்தை. ஆனால் பால் கவருக்கு விலக்கு உண்டு.

[8:31] அக்கா: அத்தை, மூலையை எப்படி வெட்டுகிறீர்கள்?

[8:32] குடியாத்தம் அத்தை: கத்தரியால். நீ என்ன பல்லாலா கடிப்பாய்?

[8:34] அக்கா: 😄 வெட்டும்போது அந்த முக்கோணம் தனியாக வந்துவிடக் கூடாது, கவரோடு தொங்க வேண்டும். பெரிய கவரைத்தான் பழைய பேப்பர்காரர் எடுப்பார். நகம் அளவு துண்டை யாரும் குனிந்து பொறுக்க மாட்டார்கள். நேராகக் கால்வாய்க்குத்தான். உங்கள் 40 கவரோடு 40 துண்டு வருகிறதா, பாருங்கள்.

[8:41] குடியாத்தம் அத்தை: துண்டு ஒன்றுகூட இல்லை.

[8:55] கம்மவான்பேட்டை மாமா: சண்டிமந்திர் ராணுவ முகாமில் இருந்தபோது சண்டிகர் ராக் கார்டனுக்கு இரண்டு முறை போனேன். செய்தவர் நேக் சந்த். ஓவியம் சிற்பம் படித்தவர் இல்லை, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்ட ஊர்களை இடித்தார்கள் அல்லவா, அந்த இடிபாட்டைச் சைக்கிளில் ஏற்றிப் போய்க் காட்டுக்குள் பொம்மை செய்தார். 1957இல் தொடங்கியது. அரசாங்க நிலம் என்பதால் ஏறக்குறைய 18 வருடம் யாருக்கும் சொல்லவில்லை. கண்டுபிடித்ததும் இடிக்கப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்து, அவருக்குச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள். வரிசையாகப் பெண் சிலைகள், உடம்பு முழுக்க உடைந்த வளையல். உன் அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், கிளப்ப முடியவில்லை.

[9:02] கம்மவான்பேட்டை மாமா: ஆனால் ஒன்று. அவர் சிமென்டில் பதித்தார், நிற்கிறது. நீ பால் கவரைக் கட்டி வெளியே வைத்தால் வேலூர் வெயில் சும்மா விடுமா? ஒரே வருடத்தில் பொடியாகும். குப்பையைப் பொம்மையாக்கி, பொம்மையைத் தூளாக்கிக் காற்றில் விடப் போகிறாய். இதற்குப் பேப்பர்காரரிடம் போடுவதே மேல். தப்பாக நினைக்காதே.

[9:20] அக்கா: தப்பே இல்லை மாமா. கல்லூரியில் கவரால் மீன் ஒன்று செய்து மொட்டை மாடியில் வைத்தோம். கைதட்டினார்கள், பேப்பரில்கூடப் போட்டோ வந்தது. ஒரு கோடை கழித்துப் போய்ப் பார்த்தேன், துடைப்பத்தால் அள்ளினேன். அள்ள முடிந்தது பாதிதான். அதனால் இது திண்ணையை விட்டு இறங்காது. வெயில் படாது. பொங்கல் முடிந்ததும் கவர்களை அவிழ்த்துப் பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம், ஒட்டப் போவதில்லை, கட்டத்தான் போகிறேன்.

[9:24] கம்மவான்பேட்டை மாமா: அப்படியானால் சரி. என் பழைய குடை இரண்டு கிடக்கிறது, கம்பி நன்றாக இருக்கும். இறக்கைக்கு ஆகுமா?

ஞாயிற்றுக்கிழமை

[18:10] சத்துவாச்சாரி சித்தி: நாங்கள் இங்கே வந்துவிட்டோம். திண்ணையில் நடக்க இடமில்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு கோணி நிறையக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது.

[18:14] குடியாத்தம் அத்தை: 12 வருடப் பத்திரிகை. எல்லாவற்றிலும் பிள்ளையார் இருக்கிறாரே, எப்படிக் குப்பையில் போடுவது? அரைக்கவும் மனசு வராது. அம்மாவைக் கேட்டுச் செய்யுங்கள்.

[18:30] சத்துவாச்சாரி சித்தி: ஆயா தீர்ப்பு: பிள்ளையாரை மட்டும் கத்தரித்துப் பிஸ்கட் டப்பாவில் வை, மிச்சத்தை அரை. இதுவரை 63 பிள்ளையார், 9 வேங்கடாசலபதி, ஒரு மாதா.

[18:33] அக்கா: பளபளப்பாக மேலே பிளாஸ்டிக் ஒட்டிய பத்திரிகை ஊறவே ஊறாது. அதைப் பிரித்துத் தனியாக வைத்திருக்கிறேன். செய்தித்தாள்தான் நல்லது.

[18:36] குடியாத்தம் அத்தை: தறிக்கூடத்திலிருந்து கழிவு நூலும் உடைந்த நாடா (ஊடு நூல் ஓட்டும் கட்டை) இரண்டும் வைத்திருந்தேனே, கிடைத்ததா?

[18:38] அக்கா: அத்தை, அந்த நாடாதான் மூக்கு! முனையில் இரும்பு கூராக இருக்கிறது, தேய்ந்த மரம், செதுக்கவே வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன், தெருவில் போன நாய் குரைக்கிறது.

[19:05] சத்துவாச்சாரி சித்தி: ஆயாவின் குரல் செய்தி கேட்கவில்லை என்றீர்கள், நானே தட்டச்சு செய்கிறேன். ஆயா சொல்வது: “பேப்பரைக் கையால் கிழி, கத்தரிக்காதே, கத்தரித்தால் நார் பிடிக்காது. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கொட்டிவிடு. வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரை, நுரைத்து வந்த பிறகு பேப்பரைப் போடு. புளியங்கொட்டையை வறுத்துத் தோலெடுத்து ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் பசை. அதையும் சேர். பூசும்போது கை ஈரமாக இருக்கணும். முதல் நாள் நிழல், மறுநாள்தான் வெயில், அவசரப்பட்டால் வெடிக்கும். ஓட்டை முறத்துக்கெல்லாம் இதைத்தானே பூசினோம்.”

[19:09] அக்கா: கல்லூரியில் இதற்கு மைதாப் பசை சொல்லிக் கொடுத்தார்கள். கரப்பான் தின்றுவிட்டது. வெந்தயம் கசப்பு, அதனால் பூச்சி அண்டாது போலிருக்கிறது. இதன் பெயர் பேப்பியர் மாஷே ஆயா.

[19:12] சத்துவாச்சாரி சித்தி: “கூழுக்கு இவ்வளவு பெரிய பேரா” என்கிறார்.

[19:40] குடியாத்தம் அத்தை: கோணிக்குள் என் பித்தளைச் சொம்பு ஏதும் வந்துவிட்டதா? அடுப்படியில் காணோம். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சீர்.

[19:41] சத்துவாச்சாரி சித்தி: பார்க்கிறேன் அண்ணி.

[19:41] சித்தப்பா: 👍

திங்கட்கிழமை

[11:15] அக்கா: ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரமாகிறது. குழவி சுற்றச் சுற்றத் தலைப்புச் செய்தி, ராசிபலன், நகைக்கடை விளம்பரம் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிறது. தெரு முழுக்க வெந்தய வாசனை. குயவர் வீட்டிலிருந்து உடைந்த சட்டி ஓடு ஒரு கூடை தந்திருக்கிறார்கள், அதுதான் கொக்கு நிற்கும் மடை.

[17:50] ஆம்பூர் அண்ணன்: தோல் துண்டு ஒட்டியாகிவிட்டதா?

[17:52] அக்கா: முதுகு முடிந்தது. கழுத்துக் கோடுகளுக்கு லுங்கி நூல். ஆனால் ஒரு பிரச்சினை, மூக்கு கனம், முன்பக்கம் குப்புற விழுகிறது. நாளை காலைக்குள் வயிற்றில் எடை வைக்க வேண்டும்.

[17:53] சித்தப்பா: 👍

புதன்கிழமை, போகி

[6:05] சத்துவாச்சாரி சித்தி: வீட்டு வாசலில் எரிக்க ஒரு ஓலைப்பாய்தான் மிஞ்சியது. பையன்கள் மேளம் அடித்துவிட்டுக் கொக்கைப் பார்க்க வந்துவிட்டார்கள். டயர் தெருமுனையில் அப்படியே இருக்கிறது. நாளை எரிப்பார்களோ என்னவோ.

[6:20] நான்: வீடியோ போடுங்கள்!

[6:31] அக்கா: (வீடியோ) கயிற்றை இழுப்பது அண்ணன் பையன்.

[6:33] நான்: ஐயோ. பழுப்பாக ஒன்றுமே இல்லாமல் நிற்கிறது, இழுத்ததும் குடை விரிகிற மாதிரி... கவரை உள்பக்கம் வெளியே திருப்பிக் கட்டியிருக்கிறாயா? அவ்வளவு வெள்ளை.

[6:34] அக்கா: ஆமாம். 212 கவர். நம் ஐந்து வீட்டுக் கணக்கு, பத்தே நாள்.

[6:36] கம்மவான்பேட்டை மாமா: நான் நேரில் இருக்கிறேன். ஒன்பது முறை இழுத்தாயிற்று, என் முறை வரவில்லை.

[6:44] ஆம்பூர் அண்ணன்: நிஜக் கொக்கு எங்கே இருக்கும் என்று பையன் நச்சரிக்கிறான். நாளை விடியற்காலை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். இருந்தால் சரி.

[7:10] குடியாத்தம் அத்தை: எல்லாம் அழகுதான். என் சொம்பு?

[7:26] குடியாத்தம் அத்தை: யாராவது பதில் சொல்லுங்கள்.

[7:31] சித்தப்பா: குடியாத்தம் அக்கா, கொக்கு முன்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. கோணியில் கனமாக ஒன்று கிடைத்தது. மணல் நிரப்பி வயிற்றுக்குள் வைத்துப் பூசிவிட்டேன். சொம்பு என்று பூசிய பிறகுதான் தெரிந்தது.

[7:32] சத்துவாச்சாரி சித்தி: மூன்று நாளாகக் கட்டை விரல் காட்டியதற்கு இதுதான் அர்த்தமா!

[7:35] அக்கா: அத்தை, கூழ் இன்னும் முழுதாகக் காயவில்லை. இப்போது அறுத்தால் முதுகே பிளந்துவிடும்.

[7:40] சத்துவாச்சாரி சித்தி: “நான் கொடுத்த சொம்புதானே, கொக்கு கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும்” என்கிறார் ஆயா.

[7:48] குடியாத்தம் அத்தை: அம்மா அப்படித்தான் சொல்வாள். காணும் பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் காய்ந்துவிடும் அல்லவா? நல்ல ரம்பம் யார் வீட்டில் இருக்கிறது?

[7:49] சித்தப்பா: 👍