மும்பை சோர் பஜாரில் அமெரிக்கக் கடைவாசல் மரச்சிலை: அசலா என்று எப்படிப் பார்ப்பது?

மாட்டுங்காவாசி:
மட்டன் ஸ்ட்ரீட் கடை ஒன்றில் ஐந்தடி உயர மரச்சிலை. அமெரிக்கச் சுருட்டுக்கடை வாசலில் விளம்பரத்துக்கு வைத்த அமெரிக்கப் பழங்குடி உருவம். தலையில் இறகுக் கிரீடம், கையில் சுருட்டுக் கட்டு. 1880 வாக்கில் நியூயார்க்கில் செய்தது என்கிறார் கடைக்காரர். பாதத்திலிருந்து மார்புவரை நீள விரிசல், பெயிண்ட் உரிகிறது. வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

உளிமுனை:
முதலில் சிலையைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள், பெயிண்ட் படாத இடம் அதுதான். அமெரிக்கச் சிலைகள் பெரும்பாலும் வெள்ளை பைன். கப்பல் முகப்புச் சிலை செய்தவர்கள் பலர், மரக்கப்பல் குறைந்ததும் சுருட்டுக்கடைச் சிலைக்கு வந்தார்கள். பழகிய மரத்தையே எடுத்தார்கள். நகத்தால் அழுத்தினால் பைனில் தடம் விழும், தேக்கில் விழாது. எடையும் சொல்லிவிடும்: காய்ந்த வெள்ளை பைன் கன அடிக்குச் சுமார் 11 கிலோ, தேக்கு 18 கிலோ. தூக்க இரண்டு ஆள் திணறினால் சந்தேகப்படுங்கள்.

பூச்சித் துளையிலிருந்து முகப்பவுடர் போன்ற மாவு கொட்டினால் பைன் என்று நம்பாதீர்கள். அப்படி மாவாக்கும் பூச்சி அகலமான நுண்குழாய்கள் உள்ள மா போன்ற மரங்களைத்தான் தின்னும்.

கை பொதுவாகத் தனித் துண்டு. தோள் இணைப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால் அந்த இணைப்பு 1930-களுக்குப் பிந்தியது. ஆனால் அது பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். தட்டினால் உலோகச் சத்தம், காந்தம் ஒட்டவில்லை என்றால் அது துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். நியூயார்க்கில் வில்லியம் டெமுத் நிறுவனம் அப்படியும் விற்றது.

செம்பூர் சித்ரா:
உளிமுனை சொன்னதோடு ஒன்று: புதுப் பெயிண்ட் தெரிகிறது என்பதற்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். வெயிலிலும் பனியிலும் நடைபாதையில் நின்றவை இவை, திரும்பத் திரும்பப் பூசியிருப்பார்கள். உரிந்த ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அசலில் பல அடுக்கு வரிசையாகத் தெரியும், பழைய அடுக்குகள் விரிசல் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். விரிசலின் உள்சுவரிலும் ஆழமாக ஒரே நிறம் ஓடினால், மரம் வெடித்த பிறகுதான் அந்தப் பூச்சு வந்திருக்கிறது.

தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். அடிப்பூச்சு ஈயவெள்ளையாக இருக்கலாம், அதன் தூசி குழந்தைகளுக்கு விஷம். பெயிண்டைச் சுரண்டிப் 'பழைய மரம்' ஆக்கிவிட்டால் சிலையின் பாதி வரலாறு போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எந்தப் பழங்குடி மனிதரின் உருவமும் அல்ல. அவர்களைப் பெரும்பாலும் பார்த்திராத செதுக்குநர்கள் விளம்பரத்துக்காகக் கற்பனையில் செய்தது; அந்த மக்களில் பலருக்கு இது இன்றும் வலி தருகிறது. நாட்டுப்புறக் கலையாக மதிப்பவர்கள் அதையும் தெரிந்துதான் வைக்க வேண்டும்.

மாட்டுங்காவாசி:
நன்றி அக்கா, உளிமுனை அண்ணா. விரிசலை அடைத்துவிடலாமா?

உளிமுனை:
வேண்டாம். முழு மரத்தண்டில் செதுக்கி, தண்டின் மையப்பகுதி உள்ளே இருந்தால், காயும்போது வெளிவட்டம் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். மும்பை மழையில் மரம் ஊதி, விரிசல் ஓரளவு மூடும். உள்ளே எபாக்ஸி பசை கெட்டியாக இருந்தால் மூட இடமில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். திறந்தே விடுங்கள். ஏசி காற்று நேராகப் படாத உள்சுவர் ஓரம் நல்லது, ஈரப்பதம் 50–60 சதவீதத்தில் நிலையாக இருக்கட்டும். உரியும் பெயிண்டை ஈரத்துணியால் துடைக்காமல் கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் ஒட்டக் கொடுங்கள். எடுத்து வரும்போது கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், தோள் இணைப்புதான் முதலில் விடும்.